குடும்பச் சிகிச்சையா, குடும்பவழிச் சிகிச்சையா?

வணக்கம். நிறை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைக்கும் அனோரெக்சியா நெர்வோசா என்ற நோய் உள்ள பதின்ம வயதினரின் பெற்றோருக்காகத் திருகோணமலையில் தயாராகும் கையேட்டில், லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் வேரூன்றிய சிகிச்சை முறைக்கு 'குடும்பச் சிகிச்சை' என்று எழுதியிருக்கிறோம். பொருந்துமா?

*

பொருந்தாது. பற்சிகிச்சை, கண்சிகிச்சை என்று பழகிய வாசகர், நோய் குடும்பத்துக்குத்தான் என்று எடுத்துக்கொள்வார். வளர்ப்புப் பிழை என்று அயலவரிடம் ஏற்கெனவே பேச்சு வாங்கிய தாய், தலைப்பைப் பார்த்ததுமே கையேட்டை மூடிவிடுவாள். இம்முறை பெற்றோரைக் குற்றஞ்சாட்டுவதே இல்லை. நோய் ஏன் வந்தது என்று கிண்டாமல், சாப்பாட்டுப் பொறுப்பை அவர்கள் கையில் கொடுக்கிறது. குடும்பத்தின் வழியாகப் பிள்ளைக்குச் சிகிச்சை. ஆகவே 'குடும்பவழிச் சிகிச்சை'.

'பெற்றோர்வழி' வேண்டாம். தகப்பன் கடலிலோ கட்டாரிலோ இருக்க, அம்மம்மாவும் சித்தியும் சோறு போடும் வீடுகள் இங்கே நிறைய. அவர்களும் பெயருக்குள் அடங்கவேண்டும்.

ஆய்வும் இப்பெயருக்குத் துணை நிற்கிறது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 12 முதல் 18 வயது வரையான 121 பேர். ஒரு பகுதியினருக்கு இம்முறை, மற்றவர்களுக்குத் தனியாள் உளச்சிகிச்சை. சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப்பின் முழுமையாகத் தேறியிருந்தோர் முறையே 49%, 23%. வளர்ந்தோரிடம் நிலைமை வேறு: ஜெர்மனியில் 242 பெண்களிடம் குடும்பவழி அல்லாத மூன்று சிகிச்சை முறைகளை ஒப்பிட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடிவில் நிறை கூடியதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே இச்சொல்லை இளையோருக்கான முறைக்கு மட்டும் வையுங்கள்.

*

'குடும்பவழி' எனக்கும் உடன்பாடு. ஆனால் பெயர் மட்டும் போதாது, சிகிச்சையின் கட்டங்களையும் சொல்லவேண்டும். முதற்கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது உண்பது என்பதைப் பெரியவர்களே தீர்மானிப்பார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் நிறை பார்க்கப்படும். இரண்டாம் சந்திப்புக்கு வீட்டுச் சாப்பாட்டையே கொண்டுவரச் சொல்வார்கள். பிட்டும் மீன்குழம்பும் என்றால் அதுவே. பிள்ளை போதும் என்று நிறுத்திய இடத்திலிருந்து இன்னும் ஒரு வாய் உண்ணவைக்கப் பெற்றோர் அங்கேயே பழகுவர். நிறை ஏறி, சண்டையில்லாமல் உண்ணத் தொடங்கியபின், இரண்டாம் கட்டத்தில் பொறுப்பு படிப்படியாகப் பிள்ளைக்குத் திரும்பும். வயதுக்குரிய மற்றக் கவலைகள் மூன்றாம் கட்டத்தில். எல்லாமாக ஏறத்தாழ ஓராண்டு.

பிழை நேர்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, ஏச்சு. தாயின் கண்டிப்பு கடுமையாக உள்ள குடும்பங்களில் பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியே சந்திப்பது கூடிய பலன் தந்ததாக மோட்ஸ்லிக் குழு கண்டது. மற்றது, மிக மெலிந்த பிள்ளைக்குத் திடீரென நிறையக் கொடுப்பது. இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற உப்பின் அளவு சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். முதலில் வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை அவசியம்.

வரைவிலுள்ள 'புறவயப்படுத்தல்' என்ற சொல்லையும் மாற்றுங்கள். நோய் வேறு, பிள்ளை வேறு என்று பெற்றோர் பார்க்கப் பழகுவதையே அது குறிக்கிறது. 'புறத்திலிருந்து வந்தது' என்று கேட்டால் நூல் கட்டப் போய்விடுவார்கள். 'நோய்ப்பிரிப்பு' என்றால் விளங்கும்.

'பசியின்மை நோய்' என்ற தலைப்பும் ஆபத்து. இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பசிக்கும். நிறை கூடிவிடும் என்ற அச்சத்தில் அதை அடக்குகிறார்கள். பசியில்லை என்று படித்தவர் பார்மசியில் பசிமருந்து வாங்குவார், அதற்குள் மாதங்கள் போய்விடும். நல்ல சொல் அமையும்வரை அனோரெக்சியா என்றே இருக்கட்டும்.