95 டிகிரியில் நிற்கும் லேப்டாப் புராசஸர்: அதிகச் சூடா, வழக்கமா?

கேள்வி

ஐ7-12700ஹெச் உள்ள லேப்டாப், மூன்று வருடப் பழசு. சும்மா இருக்கும்போது 48 டிகிரி. கேம் ஓடினால் 95க்குப் போய் அங்கேயே நிற்கிறது, 96 கூட ஆவதில்லை. தானாக அணைவதில்லை, ஃபேன் சத்தம்தான் அதிகம். இது ஆபத்தா, இந்தச் சிப் இப்படித்தானா?

பதில் 1

48 சரிதான், அதை விடுங்கள். 95ஐ மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தச் சூட்டில் எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிய வேண்டும். இந்தச் சிப்புக்கு இன்டெல் வைத்த உச்சவரம்பு 100 டிகிரி. அடிப்படை மின்திறன் 45 வாட், டர்போவில் (சிப் தற்காலிகமாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் நிலை) 115 வரை போகும். 60 வாட் இழுத்துக்கொண்டு 95 காட்டினால் கூலிங் நன்றாக இருக்கிறது. 30 வாட்டுக்கே 95 என்றால் சூடு வெளியேறவில்லை.

சார்ஜரைச் செருகி, மேசைமேல் வைத்து, சினிபெஞ்ச் (புராசஸருக்கு முழு வேலை கொடுத்துப் பார்க்கும் மென்பொருள்) மல்ட்டிகோர் சோதனையை 10 நிமிடம் ஓட்டுங்கள். பக்கத்தில் வெப்பம், வாட் எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் திறந்திருக்கட்டும். (டாஸ்க் மேனேஜரில் சிபியு வெப்பம் வராது.) முதல் ஒரு நிமிட எண்கள் டர்போவின் ஆட்டம், கணக்கில் எடுக்காதீர்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் பேக்கேஜ் பவர் (சிப் இழுக்கும் மொத்த வாட்), பி-கோர் (வேகமான பெரிய கோர்கள்) வேகம், தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகம் குறைவது) உண்டா இல்லையா என்று குறித்துப் போடுங்கள்.

பதில் 2

கோடு கிழித்த மாதிரி 95இல் நிற்பதே ஒரு தடயம். சில தயாரிப்பாளர்கள் வரம்பை 100க்குப் பதில் 95ஆகவே வைத்துவிடுவார்கள். அதைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

மேலே சொன்னதில் ஒரு திருத்தம்: வாட் குறைந்தாலே கூலிங் பழுது என்று சொல்லிவிட முடியாது. மெல்லிய லேப்டாப்களில் தொடர்ந்து இழுக்கும் மின்வரம்பையே 35 வாட்டாக வைத்திருக்கலாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோவின் பெர்ஃபார்மன்ஸ் லிமிட் ரீசன்ஸ் பகுதியில் ‘தெர்மல்’ எரிகிறதா, ‘பவர் லிமிட்’ எரிகிறதா பாருங்கள்.

பிறகு விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் அதிகபட்ச புராசஸர் நிலையை 99% ஆக்குங்கள், டர்போ நின்றுவிடும். அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். ஓரிரு நொடியிலேயே சூடு எகிறினால், அல்லது ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 15 டிகிரி மேலே நின்றால், பேஸ்ட் (சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் பசை) காய்ந்திருக்கும் அல்லது ஹீட்சிங்க் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பகுதி) சரியாகப் படியவில்லை. நிமிடக்கணக்கில் மெல்ல ஏறினால் காற்றோட்டம்தான் அடைபட்டிருக்கிறது.

கேட்டவர்

10 நிமிட முடிவில் 95 டிகிரி, 31 வாட், 1.9 கிகாஹெர்ட்ஸ், தெர்மல் ‘ஆம்’, பவர் லிமிட் ‘இல்லை’. டர்போ இல்லாமல் 62இல் தொடங்கி ஆறு நிமிடத்தில் 95. கோர்களுக்குள் வித்தியாசம் 4 டிகிரிதான்.

பதில் 2

இதன் பி-கோர் அடிப்படை வேகமே 2.3 கிகாஹெர்ட்ஸ். அதற்கும் கீழே இறங்கியிருக்கிறது, அதுவும் மெல்ல ஏறி. தூசிதான்.

வெளியிலிருந்து ஊதாதீர்கள். ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளே சிதறும். அடிமூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி இணைப்பை எடுத்து, ஃபேன் மூடியைத் திறந்து பிரஷ்ஷால் வழித்தெடுங்கள். மிச்சத்தை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

பேஸ்டை இப்போது தொட வேண்டாம்.

பதில் 1

பின்னால் பேஸ்ட் மாற்ற வேண்டி வந்தால்: லேப்டாப் சிப்புக்கு மேல்மூடி கிடையாது, அதனால் நடுவில் ஒரு பொட்டு வைத்தால் ஓரத்தில் பேஸ்ட் படாமல் போகும். மெல்லிசாக முழுதும் தடவுங்கள். திருகுகளை அவற்றின் பக்கத்தில் பொறித்த எண் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அலுமினியம் படும் இடத்தில் லிக்விட் மெட்டல் (பேஸ்டுக்குப் பதில் பூசும் திரவ உலோகம்) வேண்டவே வேண்டாம், அரித்துவிடும்.

சுத்தம் செய்த பிறகும் சோதனையில் 95 காட்டலாம். சூட்டு வரம்புவரை மிச்சமிருக்கும் இடத்தையெல்லாம் டர்போ பிடித்துக்கொள்ளும். வாட் 31இலிருந்து 45க்கு மேல் ஏறியதா என்று மட்டும் பாருங்கள்.