ஏன் கிளம்பினீர்கள் என்று கேட்டபோது

தொடங்கியவர்: கள ஆய்வாளர்

இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேள்வித்தாளும் கையுமாக வீடு வீடாகச் சென்று வருகிறேன். அந்தத் தாளில் "சொந்த இடத்தை விட்டு வந்ததற்கான முதன்மைக் காரணம்" என்றொரு கேள்வி இருக்கும். அதன் கீழே வேலை, திருமணம், கல்வி, கடன், குடும்பத் தகராறு என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக்கு முந்தைய கட்டத்தில் "சுற்றுச்சூழல் மாற்றம் அல்லது இயற்கை இடர்" என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தில் நான் குறியிட்ட தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கழிமுகப் பகுதியிலிருந்து நகரத்துக்கு வந்த ஒரு பெண்மணியிடம் கேட்டபோது, அவர் சிறிதும் தயங்காமல் "கடன்" என்றார். கடன் எதற்காக என்று கேட்டேன். விதை வாங்கியதற்காம். விதை ஏன் முளைக்கவில்லை என்று கேட்டபோதுதான், மூன்று ஆண்டுகளுக்கு முன் புயலோடு உள்ளே வந்த கடல்நீர் வடியாமல் நின்றதும், மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்ததும், கிணற்று நீர் வாயில் வைக்க முடியாமல் கரித்ததும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. என் தாளில் "கடன்" என்ற கட்டத்தில்தான் குறியிட முடிந்தது, ஏனென்றால் ஒரே ஒரு குறிக்குத்தான் இடம் இருந்தது.

இன்னொரு சந்திப்பையும் சொல்ல வேண்டும். ஆற்றின் நடுவே உருவாகிக் கரையும் மணல் திட்டுகளில் வாழ்ந்த ஒரு முதியவரிடம், எத்தனை முறை இடம் மாறினீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து, வீட்டுச் சுவராக நின்ற தகரத்தைத் தொட்டுக் காட்டினார். ஆறு கரையை அரித்துக்கொண்டு வாசலுக்கு வரும்போதெல்லாம் வீட்டைப் பிரித்துப் படகில் ஏற்றி வேறிடத்தில் பொருத்துவார்கள். பழைய துளைகள் தளர்ந்துவிடுவதால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஆணி அடிக்க வேண்டியிருக்கும். தகரத்தின் ஓரத்தில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக ஒன்பது துளைகள் இருந்தன, சிலவற்றைத் தார் வைத்து அடைத்திருந்தார். அரசுக் கணக்கில் அவர் ஒரு முறைகூட இடம்பெயர்ந்தவர் அல்லர், ஏனெனில் ஒவ்வொரு முறையும் அதே மாவட்ட எல்லைக்குள்தான் நகர்ந்திருந்தார்.

இத்துறையில் வேலை செய்பவர்களும், இவ்வாறு நகர்ந்தவர்களும், நகர முடியாமல் இருந்தவர்களும் தாம் நேரில் கண்டதை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பேரிடர்க் காலச் செவிலியர்

நகர்ந்தவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறோம். என் மனத்தில் நிற்பவர்கள் நகராதவர்கள். புயல் எச்சரிக்கை விடப்பட்ட ஓர் இரவில், காப்பகத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருந்த ஒரு வீட்டுக்கு நானும் இரண்டு தொண்டர்களும் சென்றோம். உள்ளே ஒரு பெண்ணும், அவருடைய மாமியாரும், மூன்று குழந்தைகளும் இருந்தார்கள். எச்சரிக்கையை அவர் நன்றாகவே கேட்டிருந்தார். எத்தனையாம் எண் எச்சரிக்கை என்றுகூடச் சரியாகச் சொன்னார். கணவர் வெளியூர் வேலையில் இருந்தார், அவரிடம் கேட்காமல் வீட்டைப் பூட்டிவிட்டு வர முடியாது என்றார். மாமியாரால் நடக்க முடியாது. மாட்டை அவிழ்த்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. இவையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, தொண்டர்கள் இருவரும் சற்றுத் தள்ளி நின்ற நேரம் பார்த்து என் காதருகே வந்து, சென்ற முறை காப்பகத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லாததால் பதினான்கு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். நான்கு காரணங்களில் அதுவே பெரிய காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இது தனிப்பட்ட ஒருவரின் பிடிவாதம் அன்று. வங்கதேசத்தில் 1991 ஏப்ரலில் வீசிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். 20 முதல் 44 வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் இறந்தபோது, ஆயிரம் பெண்களுக்கு 71 பேர் இறந்தார்கள் என்று கணக்கிடப்பட்டது. காற்றும் அலையும் ஒன்றுதான். கையில் குழந்தை இருந்ததா, நீந்தத் தெரிந்ததா, யாரிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது என்பவைதான் வேறு. அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த அதே நிலத்தில் 1970-இல் போலா புயல் 3 லட்சத்துக்கும் குறையாத உயிர்களைக் கொண்டுபோனது. 2007-இல் வந்த சிடர் புயலும் மிகக் கடுமையானதே, ஆனால் இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். புயல் பலவீனமாகிவிடவில்லை. இடைப்பட்ட காலத்தில் காப்பகங்கள் கட்டப்பட்டன, ஒலிபெருக்கியோடு வீதி வீதியாகச் செல்லும் தொண்டர்படை உருவானது, பின்னர் அதில் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். "இயற்கைச் சீற்றம்" என்று நாம் எழுதும்போது இந்த வேறுபாடு முழுவதும் அந்தச் சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது.

(அந்தப் பெண் அன்றிரவு வந்தார். மாமியாரைக் கதவுப் பலகையில் படுக்க வைத்துத் தூக்கி வந்தோம். மாடு என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது.)

இடம்பெயர்ந்த ஒருவர்

இங்கே எழுதியவர்கள் இருவரும் எங்களைப் பார்த்தவர்கள், நான் பார்க்கப்பட்டவன். ஒரு திருத்தம் மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நான் வறட்சிக்கு அஞ்சி ஓடி வரவில்லை, அனுப்பப்பட்டேன். இரண்டு பருவங்கள் மழை பொய்த்தபோது வீட்டில் உட்கார்ந்து பேசி, மூன்று மகன்களில் யாரை அனுப்பினால் உழவுக்குப் பங்கமில்லை, யாருக்கு நகரத்தில் தெரிந்தவர் இருக்கிறார், யாருடைய பயணச் செலவைத் தாங்க முடியும் என்று கணக்குப் போட்டு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் அனுப்பும் பணத்தில்தான் வீட்டின் அடித்தளம் உயர்த்தப்பட்டது, ஆழ்துளைக் கிணறு தோண்டப்பட்டது. எங்களை விட வறியவர்களான அடுத்த வீட்டாரிடம் ஒருவரை அனுப்பும் அளவுக்குப் பணம் இல்லை; அவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். ஆகவே "பாதிக்கப்பட்டவன்" என்று என்னைக் குறிப்பிடும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நிலவியல் ஆசிரியர்

மேலே எழுதியவர் தன் வீட்டில் கண்டதை ஆய்வுகளும் உறுதிசெய்கின்றன, அதனால் இதைச் சேர்க்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் 1983 முதல் 1985 வரை கடும் வறட்சி நிலவியபோது இடப்பெயர்வு பெருகும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். மொத்த எண்ணிக்கை கூடவில்லை. பிரான்சு போன்ற தொலைதூர நாடுகளுக்குச் செல்வது குறைந்தது, ஏனெனில் அதற்கு முதலீடு வேண்டும். பெண்களும் குழந்தைகளும் அருகிலுள்ள இடங்களுக்குச் சில மாதங்கள் சென்று திரும்புவது அதிகரித்தது. பிரிட்டன் அரசு 2011-இல் வெளியிட்ட முன்னோக்கு ஆய்வு, நகர முடியாமல் போகும் இத்தகையோரைச் "சிக்கிக்கொண்ட மக்கள்" என்றே தனியாகப் பிரித்துக் காட்டியது: இடர் கூடக்கூட நகர வேண்டிய தேவை கூடுகிறது, அதே இடர் கையிருப்பைக் கரைப்பதால் நகரும் திறன் குறைகிறது.

வகுப்பில் நான் எதிர்கொள்ளும் தொல்லை வேறு. 2050-க்குள் காலநிலை மாற்றத்தால் உலகின் பல பகுதிகளில் தத்தம் நாட்டுக்குள்ளேயே 21 கோடியே 60 லட்சம் பேர் வரை இடம்பெயரக்கூடும் என்று உலக வங்கி 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டைச் சொன்னவுடன், மாணவர்களின் கண்முன் எல்லைகளை உடைத்துக்கொண்டு வரும் கூட்டம்தான் தோன்றுகிறது. அந்த அறிக்கை பேசுவது ஒரு நாட்டின் எல்லைக்குள் நடப்பதைப் பற்றி. "வரை" என்ற சொல்லும் அதில் முக்கியம், ஏனெனில் உமிழ்வைக் குறைத்து வளர்ச்சியைப் பரவலாக்கினால் அந்த எண் பெருமளவு சரியும் என்பதே அதன் மறுபாதி. அதேபோல 2024-இல் உலகெங்கும் பேரிடர்களால் 4 கோடியே 58 லட்சம் உள்நாட்டு இடப்பெயர்வுகள் பதிவாயின. அவை இடப்பெயர்வுகள், ஆட்கள் அல்லர். ஒரே ஆண்டில் இருமுறை வெளியேறியவர் இருமுறை எண்ணப்படுவார், முன்னெச்சரிக்கையாக வெளியேற்றப்பட்டு மறுவாரம் வீடு திரும்பியவரும் அதில் இருப்பார். ஆணித்துளைகள் கொண்ட அந்த முதியவர் எந்தப் பக்கம் விழுந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புகலிட விண்ணப்பங்களுக்கான மொழிபெயர்ப்பாளர்

கட்டங்களைப் பற்றிப் பேசுவதால் என் கட்டங்களையும் சொல்கிறேன். அகதிகள் குறித்த 1951-ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் ஐந்து காரணங்களே உள்ளன: இனம், சமயம், நாட்டுரிமை, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சார்ந்திருத்தல், அரசியல் கருத்து. இவற்றில் ஒன்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சம் இருக்க வேண்டும். கடல் யாரையும் துன்புறுத்துவதில்லை என்பதே சட்டத்தின் நிலைப்பாடு. ஒரு விசாரணையில், மீன்பிடித் தொழில் அழிந்து கரையும் போய்விட்ட ஒருவர் தம் கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். நான் வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். முடிவில் அதிகாரி, குரலில் கடுமை ஏதும் இல்லாமல், "உங்களைத் துரத்தியது யார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை மொழிபெயர்த்தபோது அவர் என்னைத்தான் பார்த்தார், நான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியைச் சேர்ந்த இயோவானே தெய்தியோத்தா இதே வாசலில்தான் நின்றார். நியூசிலாந்து நீதிமன்றங்கள் அவருடைய அகதிக் கோரிக்கையை ஏற்கவில்லை. 2015-இல் திருப்பி அனுப்பப்பட்டார். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவும் அவர் வழக்கில் உரிமை மீறல் இல்லை என்றே கூறியது. ஆனால் 2020 சனவரியில் வெளியான அந்த முடிவில், காலநிலை மாற்றத்தின் விளைவுகள் உயிர்வாழும் உரிமையை மீறும் அளவுக்குச் செல்லுமாயின் ஒருவரை அங்கே திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையை ஒப்புக்கொண்டது. தோற்றவர் திறந்துவிட்ட கதவு என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், ஏனெனில் அந்தக் கதவு வழியாகச் சென்ற ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. மற்றொரு பசிபிக் தீவு நாடான துவாலுவைச் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கு 280 பேர் வரை ஆசுதிரேலியாவில் குடியேற வழிசெய்யும் ஒப்பந்தம் போன்றவையே இப்போதைக்கு நடைமுறையில் பயன்படுகின்றன, அதுவும் இரு அரசுகள் மனம் ஒத்தால் மட்டும்.

மீள்குடியேற்றப் பொறியாளர்

எல்லாரையும் ஒருசேரப் பெயர்த்து வேறிடத்தில் வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். முதன்முதலாக நான் வரைந்த குடியிருப்புத் திட்டத்தில் சாலை, வடிகால், பள்ளி, மின்கம்பம் எல்லாம் இருந்தன. வரைபடத்தை விரித்துக் காட்டியபோது ஒரு மூதாட்டி, கல்லறைகள் எங்கே வரும் என்று கேட்டார். புதிய இடுகாட்டுக்காக ஒதுக்கிய இடத்தைக் காட்டினேன். அவர் கேட்டது இனி இறப்பவர்களைப் பற்றி அன்று. ஏற்கெனவே இறந்தவர்களை யார் கொண்டு வருவார்கள் என்பதுதான்.

பசிபிக் தீவு நாடான ஃபிஜியின் வுனிதொகோலோவா கிராமத்தார் 2014-இல் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உள்நோக்கி நகர்ந்தார்கள். நிலம் அவர்களுடைய சமூகத்துக்கே உரியது என்பதால் அது இயன்றது. அமெரிக்காவின் லூசியானாவில், 1955-க்குப் பின் தன் நிலத்தில் ஏறத்தாழ 98 விழுக்காட்டை நீரில் இழந்த ஐல் டி ஜான் சார்ல்ஸ் தீவு மக்களுக்காக 2016-இல் 4 கோடியே 80 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. முதல் குடும்பங்கள் புதிய வீடுகளுக்குள் நுழைந்தது 2022-இல். பணம் இருந்தும் ஆறு ஆண்டுகள். அந்தத் தீவின் நிலம் போனதற்கு உயரும் கடல் மட்டும் காரணம் அன்று, எண்ணெய் நிறுவனங்கள் வெட்டிய கால்வாய்களும், வண்டலைத் தடுத்த ஆற்றுக்கரை அணைகளும் சேர்ந்தே அதைத் தின்றன.

கூட்டாக நகர்த்தப்படாதவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் நான் கண்டிருக்கிறேன். நகரத்தில் வாடகை குறைந்த இடம் என்பது பெரும்பாலும் கால்வாய்க் கரை, சரிவு நிலம், நிரப்பப்பட்ட ஏரி. வெள்ளத்துக்கு அஞ்சி வந்த குடும்பம் அடுத்த மழையில் முழங்கால் நீரில் நிற்கிறது. இம்முறை சுற்றத்தாரும் பக்கத்தில் இல்லை, நிவாரணப் பட்டியலில் சேர்வதற்கான முகவரிச் சான்றும் இல்லை.

மீண்டும் கள ஆய்வாளர்

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதிவுகளை வைத்துக்கொண்டு எங்கள் குழுவில் பேசினோம். "முதன்மைக் காரணம்" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, கிளம்புவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் என்னென்ன நடந்தன என்று வரிசையாகச் சொல்லச் சொல்கிறோம். அதற்குப் பின் "உங்களோடு வராதவர் யார்?" என்றும் கேட்கிறோம். பழைய ஆய்வில் சந்தித்தவர்களில் இருப்பிடம் தெரிந்த சிலரிடம் இந்தப் புதிய தாளோடு மறுபடி சென்றேன். தகர வீட்டு முதியவர் பத்தாவது துளை போட்டிருந்தார். வராதவர் யார் என்று கேட்டதும், வீட்டின் பின்பக்கத்துக்கு அழைத்துச் சென்றார். அந்தச் சுவரில் ஒரு தகரம் குறைந்தது, சாக்குத் துணி கட்டியிருந்தார்கள். பக்கவாதம் வந்த தம்பி படகில் ஏற மறுத்துவிட்டதாகவும், அவருக்குக் கூரையாக ஒரு தகரத்தை விட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னார்.