மதுரை செல்லூரில் வெள்ள நிவாரணப் பொருள் கொடுக்கப் போகிறோம், கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது?

செல்லூர்த்தறி (27 அக்டோபர் 2024)

வெள்ளிக்கிழமை மழையில் பந்தல்குடி வாய்க்கால் பெருகி எங்கள் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. தறிக்குழியெல்லாம் குளமாக நிற்கிறது. அரிசி, பாய், பிள்ளைகளின் புத்தகம் எதுவும் மிஞ்சவில்லை. தெருப் பையன்கள் சேர்ந்து வசூல் பண்ணியதில் 420 குடும்பத்துக்குப் பொருள் தேறியிருக்கிறது. ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு போர்வை, ஒரு பாய். தீபாவளிக்கு முந்தின நாள், புதன் காலை பத்து மணிக்கு, பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திக் கொடுத்துவிடலாம் என்று பேசியிருக்கிறோம். வாட்ஸ்அப்பில் இன்னும் போடவில்லை.

எனக்குத்தான் பயமாக இருக்கிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்ட வெள்ளத்தின்போது டாடா ஏஸில் பொருள் ஏற்றிக்கொண்டு போனோம். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் பின்கதவைத் திறந்ததுதான் தாமதம், நாலா பக்கமும் வண்டியில் ஏறிவிட்டார்கள். பயந்துபோய் எங்கள் பையன் ஒருவன் பிரெட் பாக்கெட்டைத் தூக்கி வீச ஆரம்பித்தான். அதைப் பிடிக்க வந்த ஒரு சின்னப் பிள்ளைக்கு, பத்து வயது இருக்கும், வண்டியின் கதவு முனை இடித்து நெற்றி பிளந்துவிட்டது. ரத்தம் புருவத்தில் இறங்குகிறது, அந்தப் பிள்ளை பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நிற்கிறது. அழக்கூட இல்லை.

பாதிக்கப்பட்ட வீடு அறுநூறுக்கு மேல் இருக்கும், பொருளோ 420தான். கயிறு கட்டுவதா, வாட்டசாட்டமான ஆட்களை நிறுத்துவதா, போலீசைக் கூப்பிடுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய ரேஷன்கடை

தம்பி, முதலில் தேதியை மாற்றுங்கள். புதன்கிழமை அக்டோபர் 30, தேவர் ஜெயந்தி. கோரிப்பாளையம் சிலைக்கு மாலை போட ஊரே வரும், பாலத்துப் பக்கம் வண்டியைத் திருப்பி விடுவார்கள். ஸ்டேஷனில் இருக்கிற போலீஸ் அத்தனை பேரும் அங்கேதான் நிற்பார்கள். உங்களுக்கு ஏதாவது ஒன்று என்றால் 108 வண்டிகூட நேரத்துக்கு வந்து சேராது. செவ்வாய்க்கிழமையே முடித்துவிடுங்கள்.

நான் 31 வருஷம் ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கயிறு, ஆள், தடி எல்லாம் அப்புறம். ஜனங்கள் ஏன் முண்டுகிறார்கள் என்று பாருங்கள். தனக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாததால்தான். கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் பாட்டிகூட வீட்டில் காபி குடித்துவிட்டு மெதுவாகத்தான் வருவாள்.

ஒரு பொங்கலுக்கு என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது டோக்கன் வழக்கம் கிடையாது. சரக்கு பாதிதான் வந்திருந்தது. நான் ஷட்டரை அரைவாசி தூக்கி வைத்துக்கொண்டு பில் போட்டேன், கூட்டம் உள்ளே வந்துவிடக் கூடாதே என்று. பின்னால் யாரோ "சரக்கு தீரப் போகுது" என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். முன்னால் நின்ற ஒரு அம்மா ஷட்டர் விளிம்புக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். கண்ணாடி வளையல் நொறுங்கி மணிக்கட்டில் குத்தியிருக்கிறது. அவர் கத்தவே இல்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. மூச்சு இல்லை என்று எனக்குப் புரிய சில விநாடி ஆனது. ஷட்டரை முழுசாக ஏற்றிய பிறகுதான் அவர் உள்ளே சரிந்து விழுந்து மூச்சு வாங்கினார். பிழைத்துக்கொண்டார். அரை ஷட்டர் வைத்தது என் தப்பு, இன்றுவரை மறக்கவில்லை.

டோக்கன் கொடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2005 டிசம்பர் 18, சென்னை எம்.ஜி.ஆர். நகரில் 42 பேர் செத்தார்களே, அது வெள்ள நிவாரண டோக்கன் வாங்கக் கூடிய கூட்டம். இன்றோடு முடிந்துவிடும் என்று வதந்தி கிளம்பி விடியுமுன்னே பள்ளி வாசலில் வந்து நின்றார்கள், மழை வந்ததும் எல்லோரும் ஒரே கேட்டை நோக்கி ஓடினார்கள். 2023 பிப்ரவரியில் வாணியம்பாடியில் நாலு பெண்கள் இறந்ததும் இலவச வேட்டி சேலை டோக்கனுக்காகத்தான். இரண்டு இடத்திலும் பொருள் கைக்கு வரவே இல்லை. டோக்கனை ஓர் இடத்தில் வைத்துக் கொடுத்தால் அதுவே இன்னொரு கூட்டம். வீட்டு வாசலுக்குப் போய்க் கையில் கொடுங்கள், அதுவும் முந்தின நாள் சாயங்காலம். அதில் நம்பர், தெருப் பேர், நேரம் மூன்றும் இருக்கட்டும். மணிக்கு ஐம்பது பேருக்கு மேல் கூப்பிட வேண்டாம். பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடை ஆட்கள் வீடு வீடாக வந்து தேதியும் நேரமும் எழுதிக் கொடுப்பது இதற்குத்தான்.

பத்துப் பொட்டலம் தனியாக எடுத்து வையுங்கள். 410 டோக்கன்தான் எழுத வேண்டும். கிழிந்தது, தொலைந்தது, விட்டுப்போனது என்று கடைசியில் யாராவது வருவார்கள்.

கடச்சனேந்தல்

டோக்கன் எல்லாம் சரி, கடைசியில் கொடுக்கிறவனுக்கு வேண்டியவனுக்குத்தான் போகும். எங்கள் பக்கம் ஒரு தடவை அப்படித்தான் நடந்தது. மிச்சம் 200 வீட்டுக்காரனுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? அவன் சும்மா இருப்பானா?

பழைய ரேஷன்கடை

நியாயமான கேள்வி. சுவரைப் பார்த்துக் கணக்கெடுக்கச் சொல்வேன். தண்ணீர் வடிந்த பிறகு சேற்றுக்கோடு ஒன்று நிற்கும், அதை யாரும் மாற்ற முடியாது. முழங்காலுக்கு மேலே கோடு இருக்கிற வீடு முதலில். அந்தக் கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு தெரு முனையிலும் ஒட்டிவிடுங்கள். இல்லை என்பதை முதல் நாளே நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும், வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்துச் சொல்லக் கூடாது. ரேஷன் கார்டைக் கேட்காதீர்கள். வாடகை வீட்டுக்காரர், வெளியூரிலிருந்து வந்து வேலை பார்க்கிறவர் பலரிடம் இங்கே கார்டு இருக்காது.

ஊர்க்காவல் அக்கா

ஊர்க்காவல் படையில் பதினாலு சித்திரைத் திருவிழா பார்த்துவிட்டேன். 2022இல் அழகர் ஆற்றில் இறங்கின அன்று நெரிசலில் இரண்டு பேர் இறந்தபோது நானும் டியூட்டியில்தான் இருந்தேன். மிதிபட்டு இறந்தார்கள் என்று பேசுவார்கள். நெரிசலில் நிறையப் பேர் நின்றபடியேதான் உயிரை விடுகிறார்கள். நெஞ்சு விரிய இடம் இல்லாவிட்டால் மூச்சு உள்ளே போகாது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அதற்குள் ஐந்து பேருக்கு மேல் வந்துவிட்டாலே எனக்கு வயிறு கலங்கும். பக்கத்து ஆள் கையைத் தூக்கித் தன் முகத்தைத் துடைக்க முடிகிறதா என்று பார்ப்பேன். முடியவில்லை என்றால் ஏற்கெனவே தாமதம்.

தள்ளுகிறவர்கள் பின்னால் இருக்கிறார்கள். முன்னால் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் உங்கள் ஆட்களில் பாதிப் பேர் பின்னால் நிற்கட்டும், மெகாபோனும் அங்கேயே இருக்கட்டும். "நூறாம் நம்பர் ஓடுது, எல்லோருக்கும் இருக்கு" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் நெருக்கினால் முன்னால் இருப்பவர்களைத் திட்டாதீர்கள், வால் பக்கத்தைப் பிரித்து விடுங்கள்.

வந்த வழியிலேயே திரும்பிப் போக விடாதீர்கள். மூட்டையைச் சுமந்து வெளியே வருகிறவரும் உள்ளே போகிறவரும் ஒரே கேட்டில் மோதுவதுதான் பாதித் தகராறு. உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்வாசல் உண்டா? பூட்டு போட்டிருந்தால் அன்றைக்குச் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். வாசலில் சறுக்கல், படி, சேறு இருந்தால் இடத்தையே மாற்றுங்கள். வண்டியை அங்கே நிறுத்தவே வேண்டாம், முந்தின ராத்திரியே பொருளை உள்ளே இறக்கிப் பூட்டிவிடுங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி, வயசானவர்களுக்குத் தனி வரிசைகூட வேண்டாம், அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். பொருள் எடுத்துக் கொடுக்கிற இடத்தில் பெண்கள் உட்காரட்டும், சத்தம் குறையும். குழந்தை தொலைந்தால் நிறுத்தி வைக்க ஒரு நாற்காலி, ஒரு ஆள். குடிதண்ணீர்.

அந்த வாட்டசாட்டமான ஆட்கள் வேண்டாம் தம்பி. வீட்டுக்குள் தண்ணீர் வந்து நிற்கிறவர்களை யாரும் அதட்டக் கூடாது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து இரண்டு பேரைக் கேளுங்கள், போதும்.

செல்லூர்த்தறி

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. செவ்வாய்க்கு மாற்றிவிட்டோம். நாலு தெருவுக்கு நாலு திண்ணை, தெருவுக்கு நூறு பேர், காலை ஏழிலிருந்து பதினொன்று வரை, மணிக்கு இருபத்தைந்து பேர். பள்ளிக்கூடத்தில் பொருள் இருக்கும், கொடுக்கிறது தெருவிலேயே. பின்வாசல் சாவியை வாட்ச்மேன் தாத்தாவிடம் வாங்கியாகிவிட்டது, பூட்டு துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டுத் திறந்து பார்த்தோம். சுவர்க்கோடு அளக்க இப்போது ஸ்கேலோடு கிளம்புகிறோம். டோக்கன் எழுத நாளை மதியம் நல்ல கையெழுத்து உள்ளவர்கள் ஆறு பேர் தேவை. செல்லூர், மீனாட்சிபுரம் பக்கம் இருப்பவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.

ஊர்க்காவல் அக்கா

நான் வருகிறேன். என் மெகாபோனையும் எடுத்து வருகிறேன், பேட்டரி மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள்.