கத்திரி, அக்னி நட்சத்திரம்: பெயர் எப்படி வந்தது?

நகரி தறிக்காரர்:
காற்று காய்ந்து பாவு நூல் பட்பட்டென்று அறுகிறது. ஈரச் சாக்கு தொங்கவிட்டும் பயனில்லை. ‘கத்திரி பிறந்துவிட்டது’ என்கிறார் அப்பா. பக்கத்துத் தறி தெலுங்கரோ, ‘இதற்கேவா? ரோகிணி கார்த்தெ வரட்டும், உரலே பிளக்கும்’ என்று பயமுறுத்துகிறார். இரண்டும் ஒன்றுதானா? அக்னி என்றொரு நட்சத்திரம் உண்டா?

திருத்தணி வாசகர்:
தனியாக இல்லை ஐயா. கார்த்திகையின் அதிதேவதை அக்னி. பெயர் அங்கிருந்து வந்தது. (ஆடியில் எங்கள் மலைக்குக் காவடி வருவதும் அதே கார்த்திகைக்குத்தான்.) சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் நுழைந்து, கார்த்திகையைக் கடந்து, ரோகிணி முதல் பாதத்தை முடிக்கும் வரை கத்திரி. ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. தெலுங்கர்கள் சூரியன் ஒரு நட்சத்திரத்தில் நிற்கும் காலத்தையே கார்த்தெ என்பார்கள். ரோகிணி மே 25 வாக்கில் தொடங்கும். நம் கத்திரியின் வால், அவர்களுக்குத் தலை!

சித்தூர் ஆசிரியர்:
வானிலைத் துறை இந்தக் கணக்கை ஏற்பதில்லை. நம் 13 பாகை அட்சரேகையில் சூரியன் ஏப்ரல் கடைசியிலேயே நேர் உச்சிக்கு வந்துவிடும். நிலம் சூட்டைச் சேர்த்துக்கொண்டே போவதால்தான் மே மாதம் கொளுத்துகிறது. ஆனாலும் பஞ்சாங்கக்காரர்களின் குறி அதிகம் தப்பவில்லை. தறிக்கு ஒரு யோசனை: சாக்கோடு, தரையிலும் அடிக்கடி தண்ணீர் தெளியுங்கள்.