ரெவிட்: மூன்று வழி டீப் பாக்ஸ் ஃபேமிலி தானாக வந்து உட்காரவில்லை

கேள்வி:
வணக்கம். ரெவிட் என்ற கட்டட மாடலிங் மென்பொருளில், ஸ்லாபில் புதைக்கும் பிவிசி கான்டியூட்டுக்காக (மின்வயர் போகும் பைப்) 20, 25, 32 மி.மீ. மூன்றுக்கும் பொதுவாக ஒரு மூன்று வழி டீப் பாக்ஸ் (ஆழமான ஜங்ஷன் பாக்ஸ்) ஃபேமிலி, அதாவது அளவு மாற்றக்கூடிய மாடல் பொருள், செய்திருக்கிறேன். கேடகரி கான்டியூட் ஃபிட்டிங்ஸ். கையால் எடுத்து வைத்தால் வருகிறது. ஓடும் பைப்பிலிருந்து கிளை இழுத்தால் பழைய டீதான் (மூன்று வழி இணைப்பு) விழுகிறது. கையால் வைத்த பாக்ஸிலும் பைப்பை இணைத்தால் நடுவில் ரெடியூசர் (அளவு மாற்றும் இணைப்பு) நுழைகிறது. 32-ஐக் கொடுத்தாலும் பாக்ஸ் உடம்பு 20-க்கான அளவிலேயே நிற்கிறது. எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1:
முதலில் பார்ட் டைப் (ஃபேமிலி எந்த வகை ஃபிட்டிங் என்று சொல்லும் அமைப்பு). அது ஜங்ஷன் பாக்ஸ் டீ என்று இருக்க வேண்டும். லோடு செய்தால் மட்டும் போதாது. கான்டியூட்டின் டைப் பிராப்பர்ட்டீஸைத் திறந்து டீ என்ற இடத்தில் உங்கள் ஃபேமிலியைக் கொடுங்கள். ‘வித் ஃபிட்டிங்ஸ்’, ‘வித்அவுட் ஃபிட்டிங்ஸ்’ இரண்டும் தனித்தனி. எதில் வரைகிறீர்களோ அதில் மாற்றுங்கள்.

கனெக்டர் (பைப் வந்து இணையும் புள்ளி) வைக்கும்போது மேலே இன்டிவிஜுவல், சர்ஃபேஸ் என்று இரண்டு கேட்கும். ஃபிட்டிங்குக்கு இன்டிவிஜுவல்தான். சர்ஃபேஸ் என்பது பேனல், பெரிய பாக்ஸ் போன்றவற்றின் முகத்தில் எங்கே வேண்டுமானாலும் பைப்பை ஏற்றுவதற்கு.

மூன்று கனெக்டரின் அச்சும் ஃபேமிலியின் ஆரிஜினில் (ஆதிப்புள்ளியில்) சந்திக்க வேண்டும். டீப் பாக்ஸில் பலர் இதைத்தான் விடுகிறார்கள்: பாக்ஸின் வாய் ஷட்டரிங்கில் உட்காருவதால் வாயையே ஆரிஜினாக வைத்துவிடுகிறார்கள். ஆரிஜின் பைப்பின் மையக்கோட்டில் இருக்கட்டும், வாய் அதற்குக் கீழே இறங்கட்டும்.

ரெடியூசர் வருவதற்குக் காரணம், விட்டம் டைப் பாராமீட்டராக (ஒரே டைப்பின் எல்லாப் பாக்ஸுக்கும் பொதுவான மதிப்பு) இருப்பதுதான். அதை இன்ஸ்டன்ஸ் (ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி மதிப்பு) ஆக்கி, மூன்று கனெக்டரின் டயாமீட்டரையும் அதோடு இணைத்துவிடுங்கள். அப்போதுதான் பைப்பின் அளவு பாக்ஸுக்குள் போகும்.

பதில் 2:
32-க்கும் 20 அளவு பாக்ஸ் வருவது லுக்அப் டேபிள் (விட்டத்துக்கு ஏற்ற அளவுகளைத் தரும் அட்டவணை) கோளாறு. தேடும் அளவு டேபிளில் இல்லையென்றால் ஃபார்முலா எந்தப் பிழையும் காட்டாமல் டிஃபால்ட் மதிப்பை எடுத்துக்கொள்ளும். நீங்கள் அங்கே 20-க்கான அளவைக் கொடுத்திருப்பீர்கள். சோதிக்கும்வரை டிஃபால்ட்டை 300 மி.மீ. என்று வையுங்கள், பொருந்தாத இடமெல்லாம் பாக்ஸ் வீங்கி நிற்கும், கண்ணில் படாமல் போகாது.

அந்த டேபிளின் சிஎஸ்வி ஃபைலில் முதல் வரியின் முதல் கட்டம் காலியாக இருக்க வேண்டும். மற்ற தலைப்புகளில் பெயர், இரண்டு ஹாஷ், லெங்த், மறுபடி இரண்டு ஹாஷ், மில்லிமீட்டர்ஸ். ரெவிட் 2014 முதல் டேபிள் ஃபேமிலிக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க்கில் ஃபைலைத் திருத்தினால் ஒன்றும் மாறாது, மறுபடி இம்போர்ட் செய்ய வேண்டும்.

எலக்ட்ரிக்கல் செட்டிங்ஸில் கான்டியூட் சைஸையும் பாருங்கள். அமெரிக்க இஎம்டி (மெல்லிய உலோகக் கான்டியூட்) பட்டியலின் மெட்ரிக் அளவுகள் 16, 21, 27, 35. நம் 20, 25, 32 அதில் கிடையாது. நம் பிவிசி பைப்பில் அந்த எண்ணே வெளிவிட்டம். புதிய ஸ்டாண்டர்டு ஒன்றை உருவாக்கி, கான்டியூட் டைப்பில் அதையே கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. விட்டத்தை இன்ஸ்டன்ஸ் ஆக்கியதும் ரெடியூசர் போய்விட்டது. ஆனால் பாக்ஸ் அகலத்துக்கான ஃபார்முலாவை இப்போது ஏற்க மறுக்கிறது.

பதில் 1:
அகலம் இன்னும் டைப் பாராமீட்டராக இருக்கும். டைப் பாராமீட்டரின் ஃபார்முலாவுக்குள் இன்ஸ்டன்ஸ் பாராமீட்டர் நுழைய முடியாது. விட்டத்தைச் சார்ந்த அகலம், ஆழம், சாக்கெட் நீளம் எல்லாவற்றையும் இன்ஸ்டன்ஸ் ஆக்குங்கள்.

பதில் 3:
அளவெடுப்புக்கும் இந்த மாடலைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால் கனெக்டரின் இடத்தையும் சரிபாருங்கள். சாக்கெட்டின் வாயில் வைத்தால் பைப் அங்கேயே முடிந்துவிடும், உள்ளே நுழையும் நீளம் ஷெட்யூலில் (மாடலின் அளவுப் பட்டியலில்) வராது. சாக்கெட் 20 மி.மீ. ஆழம் என்றால் ஒரு பாக்ஸுக்கு 60 மி.மீ.; 400 பாக்ஸுக்கு 24 மீட்டர் குறைந்துவிடும். கனெக்டரை உள்ளே பைப் முட்டி நிற்கும் இடத்தில் வையுங்கள். சாக்கெட்டும் பைப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும், அதனால் பாதகமில்லை.