இறுதி விசிலுக்குப் பிறகு: சாஃப் இளையோர் போட்டிகளில் நாம் கண்டவை

வெள்ளவத்தையிலிருந்து

தெற்காசிய உதைபந்தாட்ட சம்மேளனம் (சாஃப்) நடத்தும் இளையோர் கிண்ணப் போட்டிகளை மைதானத்துக்கே சென்று பார்த்தவர்கள் நம்மிடையே சிலராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். யார் எத்தனை கோல் அடித்தார்கள் என்பதை எவரும் தேடி எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்து பதக்க மேடை போடப்படும் வரையிலான பத்துப் பதினைந்து நிமிடங்களில் அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள், அவர்களைச் சுற்றி நின்ற பெரியவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதுதான் எங்கும் எழுதப்படுவதில்லை. அதை நீங்கள் கண்டிருந்தால் எழுதுங்கள். முதலில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

2022 செப்டெம்பரில் 17 வயதுக்குட்பட்டோருக்கான போட்டி கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்தது. ஒரு காலத்தில் குதிரைகள் ஓடி, இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் இறங்கி, பிறகு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த இடம் அது. இப்போது பழைய பார்வையாளர் மண்டபத்தில் கடைகள் இருக்கின்றன, அதன் முன்னே பசும்புல்லில் பந்து உருள்கிறது. அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை இலங்கையில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே நடக்க வேண்டியிருந்த ஆசியக் கிண்ண கிரிக்கெட் போட்டி பொருளாதார நெருக்கடி காரணமாக ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. பெரியவர்களின் கிரிக்கெட் வர முடியாதென்று சொன்ன நகரத்துக்கு ஐந்து நாடுகளிலிருந்து பதினேழு வயதுக்குட்பட்ட உதைபந்தாட்டப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள் என்பது அன்றே எனக்குப் பெரிய விடயமாகத் தோன்றியது. வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று கியூஆர் குறியீட்டுக்கு எரிபொருள் கிடைத்த காலமாதலால், என் அக்காவின் மகனை அழைத்துக்கொண்டு பேருந்திலும் பின்னர் நடந்துமாகத்தான் போனேன். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

செப்டெம்பர் 11ஆம் திகதி துபாயில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது. அதே நாளில் சிங்கப்பூரில் எங்கள் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆடிய வலைப்பந்தாட்ட அணியும் ஆசிய சாம்பியனானது. இரண்டு அணிகளையும் 13ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். மறுநாள்தான் ரேஸ்கோர்ஸில் இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இறுதியாட்டம். ஊரே முந்தைய நாளின் மகிழ்ச்சியில் இருந்தபடியால் எங்களுக்கு முன்வரிசையிலேயே இடம் கிடைத்தது.

குழுநிலை ஆட்டத்தில் நேபாளம் இதே இந்திய அணியை 3–1 என்று வென்றிருந்தது. ஆகவே அந்தப் பிள்ளைகள் தாங்கள் வெல்லக்கூடிய ஆட்டம் என்று நம்பித்தான் இறங்கியிருப்பார்கள். 4–0 என்று தோற்றார்கள். விசில் ஊதியதும் இந்தியப் பிள்ளைகள் ஓடிச் சென்று ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனெனில் முந்தைய மாதம்தான் இந்திய சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தி, ஆகஸ்ட் 26ஆம் திகதி அந்தத் தடையை நீக்கியிருந்தது. ஓரிரு வாரங்களுக்கு முன்புவரை இந்தப் போட்டியில் ஆட முடியுமா என்பதே அவர்களுக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது எங்களுக்கு அருகே எல்லைக்கோட்டுக்கு வெளியே அமர்ந்த ஒரு நேபாளப் பையனை. அவன் அழவில்லை. சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தான், திரும்பக் கட்டினான், மறுபடியும் அவிழ்த்தான். அவர்களுடைய உதவியாளர்களில் வயது முதிர்ந்த ஒருவர் வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், அவனருகே புல்லில் அமர்ந்து தன் சப்பாத்துக் கயிற்றையும் அவிழ்த்தார். பிள்ளையைத் தேற்ற அதைவிட நல்ல வழியை நான் இதுவரை கண்டதில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 செப்டெம்பரில், அதே மைதானத்துக்கு அதே போட்டி திரும்பி வந்தது. ஏழு நாடுகள் ஆடின. இலங்கைப் பிள்ளைகள் அரையிறுதிக்கு வரவில்லை என்பது வருத்தமாக இருந்தாலும் இறுதியாட்டத்துக்குப் போனோம். அது 27ஆம் திகதி. மறுநாள் துபாயில் இந்தியா – பாகிஸ்தான் கிரிக்கெட் இறுதியாட்டம் என்பதால் இம்முறையும் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. என் மருமகனுக்கு இப்போது பதினைந்து வயது. களத்தில் நிற்பவர்களின் வயதுக்கு வந்துவிட்டான். மூன்று ஆண்டுகளுக்கு முன் கொடிகளை எண்ணிக்கொண்டிருந்தவன், இந்த முறை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, “மாமா, இவர்களுக்கு நேற்றிரவு நித்திரை வந்திருக்குமா?” என்று கேட்டான்.

இந்தியாவுக்காக நான்காவது நிமிடத்திலேயே டல்லால்முவான் காங்டே கோல் அடித்தார். பங்களாதேஷ் சமன் செய்தது. இடைவேளைக்கு முன் இந்தியா மீண்டும் முந்தியது. இரண்டாம் பாதி முழுவதும் பங்களாதேஷ் பிள்ளைகள் தட்டிக்கொண்டே இருந்த கதவு, தொண்ணூறு நிமிடங்களுக்குப் பின் நடுவர் சேர்த்த நேரத்தின் கடைசிக் கணங்களில்தான் திறந்தது. 2–2. நான் என் வாழ்நாளில் பார்த்த கோல்களில் அந்த அளவு சத்தம் எழுப்பியது வேறு இல்லை. அவ்வளவுக்கும் அரங்கில் இருந்தவர்கள் சொற்பம். பிறகு சமநிலைத் தவிர்ப்பு உதைகளில் 4–1 என்று இந்தியா வென்றது. 2023இலும் 2024இலும் திம்புவில் 2–0 என்று இந்தியாவிடம் இறுதியாட்டத்தைத் தோற்ற அணிக்கு இது தொடர்ந்து மூன்றாவது தோல்வி. பிள்ளைகள் வேறு, நாட்டின் சுமை ஒன்று.

விசிலுக்குப் பிறகு உதையைத் தவறவிட்ட பையன் ஒருவன் நடுவட்டத்துக்குத் திரும்பி வராமல் அங்கேயே நின்றான். அவனுடைய தோழர்கள் அவனிடம் போனார்கள். அவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்ற நேரம் முழுவதும் என் மருமகன் வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றான். போகலாம் என்று நான் மூன்று முறை கூப்பிட்டும் அசையவில்லை.

யாழ்ப்பாணம், வடமராட்சியிலிருந்து

நீங்கள் ஆட்டம் முடிந்த பிறகு நடந்ததைக் கேட்டிருக்கிறீர்கள். நான் நடக்காமலேயே போன ஓர் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். இது விலகிப்போவதாகத் தோன்றினால் பொறுத்தருளுங்கள்.

நான் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பயிற்றுவிப்பாளராக இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் உதைபந்தாட்டம் என்பது மாலை நேரத்தின் வேறு பெயர். கழகத்துக்குக் கழகம் மைதானம் உண்டு, மணல் தரையில் வெறுங்காலுடன் ஆடியே வளர்ந்த பிள்ளைகள் உண்டு. அப்படி வளர்ந்த ஒருவன் என்னிடம் இருந்தான். இடது பக்கப் பின்வரிசையில் ஆடுவான். தேசிய மட்டத் தேர்வுகளுக்கு அவனை அழைத்துச் செல்லலாம் என்று நானும் அவனுடைய தாயாரும் 2022 முடிவிலேயே பேசி வைத்திருந்தோம்.

2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. அந்தத் தடை ஆகஸ்ட் மாதக் கடைசியில்தான் நீங்கியது. 16 வயதுக்குட்பட்டோருக்கான சாஃப் போட்டி திம்புவில் செப்டெம்பர் தொடக்கத்தில் நடந்தது. ஆறு நாடுகள் ஆடின, இலங்கை இல்லை. அவன் தெரிவாகியே இருப்பான் என்று நான் சொல்லவில்லை. வடக்கிலிருந்து ஒரு பிள்ளை கொழும்பு வரை சென்று தன்னைக் காட்டுவதே எவ்வளவு தூரமான பயணம் என்பதை அறிந்தவன் நான். ஆனால் தெரிவாகாமல் போவதற்கும், தெரிவே நடக்காமல் போவதற்கும் இடையில் உள்ள வேறுபாட்டை ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இளையோர் போட்டியில் ஓர் ஆண்டு என்பது முழுத் தலைமுறை; பெரியவர்களின் அணிக்கு ஒரு கிண்ணம் தவறினால் அடுத்த கிண்ணம் வரும், பிள்ளைகளுக்கோ அதற்குள் வயது ஏறிவிடும். 2024இல் இலங்கை அணி மீண்டும் திம்புவுக்குச் சென்றபோது அவனுக்கு முழங்கால் சவ்வு கிழிந்து வீட்டில் இருந்தான்.

இப்போது அவன் என்னுடன் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான். நீங்கள் எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். திம்பு என்ற பெயர் வந்த இடத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லி, “அங்கே மூச்சு வாங்குமாமே, சேர்?” என்று கேட்டான். கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேலே உள்ள ஊர், வாங்கத்தான் செய்யும் என்றேன். எத்தனை நாளில் பழகும் என்று கேட்டான்.

சென்னையிலிருந்து

நான் நேரில் பார்க்கவில்லை. டாக்காவில் நடந்ததைக் கைப்பேசியில் நேரலையாகப் பார்த்தேன். ஆயினும் விசிலுக்குப் பிறகு நடந்தவை என்று கேட்டால், 2024 பிப்ரவரி 8 அன்று பெண்களுக்கான 19 வயதுக்குட்பட்டோர் இறுதியாட்டத்தை விட்டுவிட்டு இந்தப் பகிர்வு முழுமையாகாது.

கமலாப்பூர் மைதானத்தில் இந்தியாவும் வங்கதேசமும் மோதின. எட்டாவது நிமிடத்தில் சிபானி தேவி அடித்த கோலுடன் இந்தியா முன்னிலை பெற்றது. தொண்ணூறு நிமிடங்களுக்குப் பின் நடுவர் சேர்த்த நேரத்தில் சாகரிகா சமன் செய்தார். பெனால்டி உதைகளில் இரு தரப்பிலும் பதினொரு பேரும், கோல்கீப்பர்கள் உட்பட, தவறாமல் அடித்தார்கள். 11–11. பத்தொன்பது வயதைத் தாண்டாத இருபத்திரண்டு பெண்கள் அத்தனை கூட்டத்தின் முன்னே ஒருவர்கூடத் தவறவிடவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. விதிப்படி உதைகள் தொடர வேண்டும். ஒருவர் அடித்து மற்றவர் தவறும் வரை அதே வீராங்கனைகள் மறுபடியும் வரிசையில் வர வேண்டும். ஆனால் ஆட்ட ஆணையர் நாணயம் சுண்டச் சொன்னார். இந்தியா வென்றதாக அறிவிக்கப்பட்டது.

அதன் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இந்தியப் பெண்கள் கொண்டாடினார்கள். வங்கதேசப் பெண்கள் களத்தை விட்டு வெளியேற மறுத்தார்கள். அரங்கிலிருந்து போத்தல்கள் பறந்தன. முடிவு திரும்பப் பெறப்பட்டு, உதைகளைத் தொடருமாறு கேட்டபோது இந்திய அணி இணங்கவில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு இரு அணிகளும் இணைச் சாம்பியன்கள் என்றார்கள். யார் பக்கம் நியாயம் என்று என் நண்பர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். விதிப்புத்தகத்தில் இருந்த ஒரு வரியை உரிய நேரத்தில் பெரியவர்கள் நினைவில் கொள்ளாததால், வென்றோம் என்று ஒரு தரப்புப் பிள்ளைகளும் தோற்றோம் என்று மறு தரப்புப் பிள்ளைகளும் ஒரே மாலையில் நம்ப நேர்ந்தது என்பதே என் எண்ணம். இருபத்திரண்டு உதைகளில் ஒன்றையும் தவறவிடாதவர்களை நாணயத்தின் பக்கம் தள்ளியிருக்கவே கூடாது. பதினொன்றாவது உதைக்குப் பிறகு மீண்டும் முதலாமவராக வர வேண்டியிருந்த அந்தப் பெண், தன் முறைக்காகக் கால்களை உதறிக்கொண்டு ஆயத்தமாகியிருப்பாள் அல்லவா?

கொல்கத்தாவிலிருந்து, சுருக்கமாக

2019 ஆகஸ்ட் 31 அன்று கல்யாணி மைதானத்தில் 15 வயதுக்குட்பட்டோர் இறுதியாட்டம் பார்த்தேன். இந்தியா 7, நேபாளம் 0. அந்தப் போட்டி முழுவதிலும் இந்தியா 28 கோல்கள் அடித்து ஒன்றைக்கூட வாங்கவில்லை. எண்ணிக்கையைக் கேட்பவர்கள் மகிழ்கிறார்கள். எனக்கு ஐந்தாவது கோலுக்குப் பிறகு பார்க்கப் பிடிக்கவில்லை. வயதில் ஒன்றாக இருந்தாலும் பயிற்சி வசதிகளில் நாடுகளுக்கு இடையே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, தோற்கும் பிள்ளை தன் ஆட்டத்தைத்தான் பழிக்கிறது. விசிலுக்குப் பிறகு நேபாள கோல்கீப்பர் கையுறைகளைக் கழற்றியபோது எங்கள் வரிசையில் இருந்த ஒரு முதியவர் எழுந்து கைதட்டினார், நாங்களும் எழுந்தோம். அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்தானா என்பதைத் தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து மீண்டும்

எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். 2025இல் ரேஸ்கோர்ஸில் வென்ற அந்த இந்திய அணி, அதே ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி அகமதாபாத்தில் ஈரானை 2–1 என்று வென்று 17 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அதிலும் காங்டே ஒரு கோல் அடித்தார். நாங்கள் சில அடி தூரத்தில் பார்த்த பிள்ளைகள் ஈரானை வென்றார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. என் மருமகன் அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பங்களாதேஷ் பையன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான் என்று மட்டும் கேட்டான்.

வடமராட்சி ஐயா எழுதியதை அவன் இரண்டு முறை வாசித்தான். அவனும் இடது பக்கப் பின்வரிசையில்தான் ஆடுகிறான் என்பதை நான் முன்பு குறிப்பிடவில்லை. சித்திரை விடுமுறையில் யாழ்ப்பாணம் வரவிருக்கிறோம். உங்களுக்கு இடையூறு இல்லையென்றால், உங்கள் மாணவரிடம் இவன் இரண்டு மாலைகள் பயிற்சி பெற விரும்புகிறான். எத்தனை மணிக்கு மைதானத்துக்கு வர வேண்டும், மணல் தரைக்குச் சப்பாத்து வேண்டுமா, வெறுங்காலுடன் வரலாமா என்று கேட்டு எழுதச் சொன்னான்.