மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கருங்கல்லிலிருந்து

என் சித்திக்குக் கன்னத்தில் ஷாக் அடித்தமாதிரி வலி. பல் தேய்த்தால் வரும், சோறு மென்றால் வரும், முகத்தில் காற்று பட்டாலே வரும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் நிற்கவில்லை. நரம்பு டாக்டர் பார்த்து, முகநரம்பு வலி என்று சொல்லி கார்பமாசெபின் எழுதினார். அந்த நோய்க்கு அதுதான் முதல் மருந்து. வலியும் அடங்கியது.

மாத்திரை தொடங்கி மூன்று வாரம் இருக்கும். காய்ச்சல், தொண்டைவலி, கண் சிவப்பு. அப்புறம் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புத் திட்டுகள். வீட்டில் எல்லாரும் அம்மை என்றே முடிவுகட்டிவிட்டார்கள். வேப்பிலை விரித்துப் படுக்கவைத்தாச்சு, இளநீர் கொடுத்தாச்சு, வாசலில் வேப்பங்குலையும் செருகியாச்சு. ஆனால் கார்பமாசெபின் மட்டும் காலையும் இரவும் போய்க்கொண்டே இருந்தது. விட்டால் வலி திரும்பிவிடுமே என்று சித்திக்குப் பயம்.

உதடு வெந்து புண்ணாகிக் கஞ்சிகூட இறங்காத நிலையில்தான் என் மைனி வந்தாள். அவள் நர்ஸ். ரவிக்கை உரசிய தோள்பட்டையில் தோல் அவித்த தக்காளித் தோலாக உரிந்திருப்பதைப் பார்த்தவள், “அத்தே, புதுசா ஏதாவது குளிகை தின்னீங்களா?” என்று கேட்டாள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனோம். மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்றார்கள். முதல் வேலையாக மாத்திரையை நிறுத்தினார்கள். இமை ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று கண் டாக்டர் தினமும் வந்து பார்த்தார். சித்தி பிழைத்துவிட்டாள், கண் மட்டும் இன்றும் வறண்டுதான் இருக்கிறது. சொட்டு மருந்து இல்லாமல் வெயிலில் இறங்க முடியாது.

“தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடி வாங்க” என்று மாத்திரை கொடுத்த அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை நாள் வேப்பிலையில் கிடந்திருக்க மாட்டாள். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அதுதான்.

குலசேகரத்திலிருந்து

ரப்பர் பால் வெட்டுகிறவன் நான். கீழுதட்டிலும் வலது மணிக்கட்டிலும் வட்டமாகக் கருஞ்சிவப்புத் தடிப்பு வரும், எரியும், ஆறும், கறுப்பு மட்டும் நிற்கும். சில மாதம் கழித்து அதே இடத்தில் திரும்ப வரும். ஷீட் அடிக்கும் ஆசிட் பட்டிருக்கும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தோல் டாக்டர்தான், தடிப்பு வருவதற்கு முன்னால் என்ன மாத்திரை போட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வயிற்றுப்போக்கு வந்தால் மெடிக்கலில் வாங்கிப் போடுவேனே, அதில் இருந்த டினிடசோல்! அதை விட்டபிறகு தடிப்பு வரவே இல்லை.

குளச்சலிலிருந்து

அப்பாவுக்கு பிரஷருக்கு எனலாபிரில். மாதக்கணக்கில் வறட்டு இருமல். கடல்காற்று என்றார்கள், சளி என்றார்கள், எத்தனையோ சிரப் குடித்தார். டாக்டர் மாத்திரையை டெல்மிசார்டனுக்கு மாற்றினார். சில வாரத்தில் இருமல் போய்விட்டது.

நாகர்கோவிலிலிருந்து, மருந்தாளுநர்

குளச்சல்காரர் சொன்னது அந்த வகை மருந்துகளில் அடிக்கடி பார்ப்பது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள். காய்ச்சலோடு தடிப்பு, வாயிலோ கண்ணிலோ புண், முகமோ நாக்கோ வீங்குவது, மூச்சுத் திணறல், இவை வந்தால் கதை வேறு. அடுத்த வேளை மாத்திரை போடாமல் நேரே ஆஸ்பத்திரி. மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள், வெள்ளை மாத்திரை என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

கருங்கல் சகோதரிக்கு: சித்திக்கு ஆகாத மருந்து என்று சீட்டில் கார்பமாசெபின் மட்டும் எழுதினால் போதாது. பெனிடோயின், பினோபார்பிடோன் என்ற வலிப்பு மருந்துகள் இரண்டும் அதே வகை வேதியமைப்பு, அவற்றுக்கும் இப்படி வரலாம். மாதவிடாய் வலிக்குப் பலரும் போடும் மெஃபெனாமிக் அமிலம் பற்றிக்கூட 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரிக்கை விட்டது. தடிப்பு, காய்ச்சலோடு உள்ளுறுப்புகளையும் தாக்கும் ஒவ்வாமை வரலாம் என்று.

இன்னொன்று. மருந்தால் வந்த கெடுதியை நோயாளியோ வீட்டாரோ நேரடியாகவே அரசுக்குத் தெரிவிக்கலாம். 1800-180-3024, கட்டணம் இல்லை. தமிழிலும் படிவம் உண்டு. மருந்தால்தான் வந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். இப்படி வருகிற புகார்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் அந்த மாதிரி எச்சரிக்கைகள் பிறக்கின்றன.

கருங்கல்லிலிருந்து

ரத்த சொந்தங்களுக்கும் வருமா, அண்ணா? அம்மாவும் சித்தியும் கூடப்பிறந்தவர்கள்.

நாகர்கோவிலிலிருந்து, மருந்தாளுநர்

வரவேண்டும் என்றில்லை, ஆனால் வாய்ப்பு உண்டு. ஆசியர்களில் சிலருக்கு இருக்கும் எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தால் கார்பமாசெபினில் இந்த ஆபத்து கூடுதல். ரத்தப் பரிசோதனையில் தெரியும். அம்மாவுக்கு வலிப்புக்கோ நரம்புவலிக்கோ மருந்து எழுதும் நாளில் சித்தியின் கதையை முதலில் சொல்லுங்கள்.

கருங்கல்லிலிருந்து

சரி அண்ணா. அம்மாவின் சர்க்கரை நோட்டில் முதல் பக்கத்திலேயே மூன்று மருந்துப் பெயரையும் எழுதிவிட்டேன். 1800 நம்பருக்கு நாளைக்குக் காலையில் கூப்பிடுகிறேன்.